பனிக்கட்டியின் உருகுநிலை

பனிக்கட்டி எந்த வெப்பநிலையில் உருகும் என்று பாடசாலை மாணவன் ஒருவனை வினவினால், அவன் சிறிதும் தயங்காது, "பூச்சியம் பாகையில்" என்று விடை பகர்வான். வினவப்பட்டவர் வயதில் மூத்தவராயின், "முப்பத்திரண்டு பாகை பரனைற்" என்று கூறுதலும் உண்டு. இரண்டும் ஒன்றே. அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதுமன்று. எந்தப் பனிக்கட்டி, எவ்வளவு அமுக்கத்தின் கீழ் உள்ளது, அதனோடு கலந்திருப்பது யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னரே அந்தப் பூச்சியம் உறுதிபெறும். தூய நீராலாகிய பனிக்கட்டி, கடல்மட்டத்துச் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில், பிறிதொன்றும் கலவாத நிலையில் உருகும் வெப்பநிலையே செல்சியஸ் அளவையின் பூச்சியம் ஆகும். இந்நிபந்தனைகளுள் ஒன்று மாறினாலும் அப்புள்ளி தன் இடத்தை விட்டு நகரும். அஃது எவ்வளவு நகரும், ஏன் நகரும், அந்நகர்வை அறிந்ததனால் மனிதன் பெற்ற பயன் யாது என்பன ஆராயத்தக்கவை.

இலங்கை போன்ற வெப்பநாட்டில் பனிக்கட்டி பெரும்பாலும் ஆலையிலிருந்து வரும் பொருளே. மீன் பெட்டிகளிலும் குளிர்பானக் கடைகளிலும் அதனைக் காணாதவர் இலர். நொறுக்கிய பனிக்கட்டியை ஒரு வாளியிலிட்டு, அதனுள் வெப்பமானி ஒன்றைச் செருகி வைத்தால் ஒரு புதுமையைக் காணலாம். வெளியே நண்பகல் வெயில் கொளுத்தினாலும், வாளியைக் கலக்கிக்கொண்டிருக்கும்வரை இரசம் பூச்சியத்தை விட்டு ஏறாது. கடைசித் துண்டு கரைந்த பின்னரே அது மேலே செல்லத் தொடங்கும். அவ்வாறாயின் அதுவரை வாளிக்குள் புகுந்த வெப்பம் எங்கே சென்றது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆசிரியராக விளங்கிய யோசேப்பு பிளாக் என்பவர். 1761ஆம் ஆண்டளவில் அவர் ஒரே வகையான இரு கண்ணாடிக் குடுவைகளை ஒரு மண்டபத்தில் தொங்கவிட்டார். ஒன்றில் உறைநிலைக்கு அண்மையில் குளிர்ந்த நீர் இருந்தது; மற்றதில் அதே அளவு நீர் உறைந்து பனிக்கட்டியாக இருந்தது. நீர்க் குடுவை அரைமணி நேரத்தில் 40 பாகை பரனைற்றை அடைந்தது. பனிக்கட்டிக் குடுவை அதே வெப்பநிலையை அடைவதற்குப் பத்தரை மணி நேரம் சென்றது. இடைப்பட்ட காலத்தில் உட்சென்ற வெப்பம் முழுவதும் வெப்பமானிக்குத் தோன்றாமல், பனிக்கட்டியை நீராக்குவதிலேயே செலவாயிற்று. இதனையே பிளாக் மறைவெப்பம் என்றார். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பம், பூச்சியம் பாகையிலுள்ள ஒரு கிராம் நீரை 80 பாகைவரை சூடாக்கப் போதுமானது. இம்மறைவெப்பம் இல்லாதிருந்தால் மலைகளிற் குவிந்த பனியெல்லாம் வசந்தகாலத்தில் ஒரே நாளில் உருகி, பெருவெள்ளமாய் நாடுகளை அழித்துவிடும் என்று பிளாக் சுட்டிக்காட்டினார்.

இவ்வுண்மையே ஒரு வாணிகத்துக்கும் அடிப்படையாயிற்று. 1833ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 180 தொன் பனிக்கட்டியை ஏற்றிய கப்பலொன்று, நான்கு மாதம் வெப்பக்கடல்களைக் கடந்து கல்கத்தாவை அடைந்தபோது, ஏறக்குறைய 100 தொன் பனிக்கட்டி எஞ்சியிருந்தது. பின்னர் சென்னைக் கடற்கரையிலும் அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கு ஒரு கட்டடம் எழுந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்ற அக்கட்டடத்தைச் சென்னை மக்கள் நெடுங்காலம் 'ஐஸ் ஹவுஸ்' என்றே வழங்கினர். உமி, மரத்தூள், வைக்கோல் ஆகியன வெப்பத்தின் வரவைத் தாமதப்படுத்தின. வந்த வெப்பத்தையும் மறைவெப்பம் விழுங்கிக்கொண்டது.

உருகும் வரை வெப்பநிலை மாறாது நிற்கும் இப்பண்பினாலேயே, வெப்பமானி செய்தோர் பனிக்கட்டியைத் தம் அளவைக்கு ஓர் எல்லைக்கல்லாகக் கொண்டனர். ஆனால் நீர் உறையும் வெப்பநிலையைக் கொள்வதா, பனிக்கட்டி உருகும் வெப்பநிலையைக் கொள்வதா என்பதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டும் ஒன்றல்லவா எனத் தோன்றலாம். 1721ஆம் ஆண்டில், வெப்பமானிகளைச் செய்வதிற் பெயர்பெற்ற பரனைற் என்பவர், மழைநீர் கொண்ட கண்ணாடிக் குமிழ் ஒன்றைக் கடுங்குளிர் இரவில் வெளியே வைத்தார். வெளிக்குளிர் 15 பாகை பரனைற்றுக்கு, அதாவது செல்சியஸ் பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது பாகைக்கும் அப்பால் இறங்கியிருந்தும், காலையிற் பார்த்தபோது நீர் உறையவில்லை. குமிழின் முனையை உடைத்ததும் நீரில் விரைந்து பனி படர்ந்தது. தூய நீர் உறைவதற்கு ஒரு தொடக்கம் வேண்டும்; அது கிடைக்கும்வரை பூச்சியத்தைக் கடந்தும் திரவமாகவே நின்றுவிடக்கூடும். ஆனால் பனிக்கட்டிக்கு இத்தகைய தயக்கம் இல்லை. திறந்த மேற்பரப்பை உடைய பனிக்கட்டி தன் உருகுநிலையை அடைந்ததும் உருகியே தீரும். ஆகவே நம்பத்தக்கது உருகுநிலையே.

இதனை நன்கு உணர்ந்தவர் சுவீடன் நாட்டு உப்சாலா நகரின் வானியற் பேராசிரியர் அந்தர்ஸ் செல்சியஸ். 1742ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, வெப்பமானியில் மாறாது நிற்கும் இரு புள்ளிகளைப் பற்றியது. குளிர்காலந்தோறும், பாரமானி உயர்ந்த நாளிலும் தாழ்ந்த நாளிலும், உருகும் பனியுள் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். இரசம் ஒரே கோட்டிலேயே நின்றது. மற்றப் புள்ளியாகிய நீரின் கொதிநிலை அத்தகையதன்று. அது பாரமானியோடு சேர்ந்து ஏறி இறங்குவதை அவர் கண்டு, அதற்கொரு விதியும் வகுத்தார். கொதிநிலையின் இந்த ஏற்றத்தாழ்வை இலங்கையர் எளிதில் அறியலாம். கொழும்பில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. ஆனால் அங்கே உருகும் பனிக்கட்டியில் வெப்பமானியை வைத்தால் அது கொழும்பிற் காட்டிய கோட்டையே காட்டும். செல்சியஸ் கொதிநிலைக்குப் பூச்சியமும் உருகுநிலைக்கு நூறும் கொடுத்திருந்தார் என்பது பலர் அறியாத செய்தி. அவர் 1744இல் தமது 42ஆம் வயதில் மறைந்தபின் அவ்வெண்கள் தலைகீழாக்கப்பட்டு இன்றைய அளவை உருவாயிற்று.

நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞர் உலகம் உருகுநிலையை முற்றிலும் அசையாத புள்ளியென்றே நம்பியது. அந்நம்பிக்கையை அசைத்தவர், வெப்பமானி எதனையும் கையில் எடுக்காது, கடதாசியும் எழுதுகோலும் கொண்டு சிந்தித்த ஒரு பொறியியலாளர். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தொம்சனின் தமையனாராகிய யேம்ஸ் தொம்சனே அவர். 1849ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வாதம் எளிமையும் அழகும் வாய்ந்தது.

நீர் உறையும்போது பருமனில் விரிகிறது. நூறு பங்கு நீர், ஏறக்குறைய நூற்றொன்பது பங்கு பனிக்கட்டியாகிறது. ஓர் உருளையில் பூச்சியம் பாகை நீரை நிரப்பி, அதன்மேல் ஓர் ஆடுதண்டைப் பொருத்தி, தண்டின்மேல் ஒரு பாரத்தை வைத்ததாகக் கொள்க. நீரை உறையச் செய்தால் அது விரிந்து பாரத்தை உயர்த்தும். உயர்ந்த பாரத்தை அப்புறப்படுத்திவிட்டு, பனிக்கட்டியை அதே பூச்சியம் பாகையில் உருகச் செய்தால், நீர் சுருங்கித் தண்டு பழைய இடத்துக்குத் திரும்பும். மீண்டும் பாரம், மீண்டும் உறைதல். பாரத்தோடு உறைவதும் பாரமின்றி உருகுவதும் ஒரே வெப்பநிலையில் நிகழுமாயின், வெப்பநிலை வேறுபாடு எதுவுமின்றியே இவ்வியந்திரம் எண்ணற்ற பாரங்களைத் தூக்கிக்கொண்டே இருக்கும். கூலி கொடாமல் வேலை வாங்கும் இத்தகைய இயந்திரம் இயற்கையில் இல்லை. ஆகவே பாரத்தின் கீழ் உள்ள நீர், பாரமற்ற நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உறைதல் வேண்டும். அதாவது, அமுக்கம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும்.

எவ்வளவு குறையும் என்பதையும் யேம்ஸ் தொம்சன் கணித்தார். ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும்போது உருகுநிலை செல்சியஸ் பாகையின் பதினாயிரத்தில் எழுபத்தைந்து பங்களவே தாழும். ஒரு முழுப் பாகை தாழ வேண்டுமாயின் ஏறக்குறைய 130 வளிமண்டலங்களின் அமுக்கம் வேண்டும். மறு ஆண்டில் வில்லியம் தொம்சன் இதனைச் சோதனையால் உறுதிசெய்தார். 16.8 வளிமண்டல அமுக்கத்தில் தமையனாரின் கணிப்பு 0.227 பாகை பரனைற்; சோதனையிற் கண்டது 0.232. செல்சியஸ் கண்ட நிலைத்தன்மை பொய்யன்று. பாரமானியின் அன்றாட ஏற்றத்தாழ்வினால் விளையும் மாற்றம் அவருடைய கருவிக்கு எட்டாத அளவு சிறியது. நுவரெலியாவில் அமுக்கம் குறைவதால் உருகுநிலை உயர்வதும் உண்மையே. ஆனால் அவ்வுயர்வு ஒரு பாகையை ஆயிரம் கூறாக்கினால் ஒன்றரைக் கூறளவே.

இதன் காரணத்தைப் பனிக்கட்டியின் அமைப்பிற் காணலாம். பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சூழ்ந்த நான்கு மூலக்கூறுகளோடு மட்டும் கைகோத்து நிற்கிறது. ஆதலால் இடையிடையே வெற்றிடம் மிகுந்த ஒரு கூடு உண்டாகிறது. உருகும்போது அக்கூடு சிதைந்து மூலக்கூறுகள் நெருங்குகின்றன. அமுக்கம் இந்நெருக்கத்துக்குத் துணைபோகிறது. பெரும்பாலான பொருள்கள் இதற்கு மாறானவை. மெழுகு உறையும்போது சுருங்குகிறது; எனவே அமுக்கம் கூடினால் அதன் உருகுநிலை உயர்கிறது.

கனத்த பனிக்கட்டிப் பாளத்தின் மீது, இரு முனைகளிலும் பாரம் கட்டிய மெல்லிய செப்புக் கம்பியைத் தொங்கவிட்டால், கம்பி பாளத்தை மெல்ல மெல்ல ஊடறுத்து மறுபுறம் வந்துவிடும்; பாளமோ இரண்டாகாது ஒன்றாகவே இருக்கும். கம்பியின் கீழே அமுக்கத்தால் உருகிய நீர், கம்பிக்கு மேலே சென்றதும் அமுக்கம் நீங்கி மீண்டும் உறைகிறது. உறையும்போது வெளியாகும் வெப்பம் செம்பின் வழியே கீழிறங்கி, அங்குள்ள பனிக்கட்டியை உருக்க உதவுகிறது. வெப்பத்தைக் கடத்தாத நூலைக் கொண்டு இதனைச் செய்தால் நூல் மிக மெதுவாகவே செல்லும்.

இக்காட்சியைக் கண்டோர், பனித்தரையில் இரும்பலகு பூட்டிய காலணியுடன் வழுக்கிச் செல்லும் விளையாட்டையும் இவ்வாறே விளக்கினர். அலகின் அமுக்கத்தால் பனி உருகி நீராகி வழுக்குகிறது என்னும் அவ்விளக்கம் பல பாடநூல்களில் இடம்பெற்றது. ஆனால் கணக்கு அதற்கு உடன்படவில்லை. 60 கிலோகிராம் பாரம் முழுவதும் ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஊன்றினாலும் அமுக்கம் ஏறக்குறைய 60 வளிமண்டலங்களே. உருகுநிலை தாழ்வது அரைப் பாகைக்கும் குறைவே. பனித்தரை பூச்சியத்துக்குக் கீழே பத்து, பதினைந்து பாகையில் இருக்கும்போதும் மக்கள் வழுக்கி விளையாடுகின்றனர். 1939ஆம் ஆண்டில் பௌடன், ஹியூஸ் என்னும் இருவர் சுவிற்சலாந்தின் உயர்மலை ஆய்வுநிலையம் ஒன்றில் நடத்திய சோதனைகள், உராய்வினால் எழும் வெப்பமே அங்கு முதன்மையானது எனக் காட்டின. பனிக்கட்டியின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் உள்ளேயுள்ளவை போல் இறுகப் பிணைக்கப்படாதவை என்பதும், பூச்சியத்துக்குக் கீழேயும் அம்மேற்படை திரவம் போன்ற தன்மையைக் கொண்டிருக்கும் என்பதும் பின்னர் தெளிவாயின. அத்தகைய படலம் ஒன்று உண்டு என்று 1850ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பரடே கருத்துரைத்திருந்தார். ஒரு மெய்யான விதியை அதன் அளவுக்கு மீறி நீட்டினால் அது பொய்யான விளக்கமாகிவிடும் என்பதற்கு இது தக்க சான்று.

அமுக்கத்தின் ஆற்றல் முழுமையாக வெளிப்படும் இடம் அந்தாட்டிக்காக் கண்டமாகும். அங்குள்ள வொஸ்தொக் ஆய்வுநிலையத்தில் 1983ஆம் ஆண்டு யூலை 21ஆம் நாள் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 89.2 பாகையாகப் பதிவாயிற்று. அந்நிலையத்தின் அடியில், ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் தடித்த பனிக்கட்டிக்குக் கீழே, 250 கிலோமீற்றர் வரை நீண்ட ஓர் ஏரி திரவநிலையில் இருக்கிறது. மேலேயுள்ள பனிக்கட்டி 300 வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அமுக்கத்தைத் தருவதால், அங்கு உருகுநிலை பூச்சியத்துக்குக் கீழே இரண்டரை முதல் மூன்று பாகையளவுக்குத் தாழ்ந்துள்ளது. பூமியின் உள்ளிருந்து கசியும் வெப்பமும், அதனை வெளியேறவிடாது போர்வை போல் மூடிய பனிக்கட்டியும் மீதியை நிறைவேற்றுகின்றன. 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில் ருசிய ஆய்வாளரின் துளைகருவி 3,769 மீற்றர் ஆழத்தில் அந்நீரைத் தொட்டது.

அமுக்கத்தைக் கூட்டிக்கொண்டே சென்றால் உருகுநிலை தாழ்ந்துகொண்டே செல்லுமோ? செல்லாது. ஏறக்குறைய 2,000 வளிமண்டலங்களைக் கடந்ததும், பூச்சியத்துக்குக் கீழே 22 பாகையில் அத்தாழ்வு முடிவுறுகிறது. அதற்கப்பால் வெற்றிடம் மிகுந்த அக்கூடு நொறுங்கி, நீரினும் அடர்ந்த வேறு வகைப் பனிக்கட்டிகள் தோன்றுகின்றன. அவற்றின் உருகுநிலை அமுக்கத்தோடு உயர்கிறது. அமெரிக்க அறிஞர் பிரிட்ஜ்மன் 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள் இவற்றின் எல்லைகளை வரையறுத்தன. 22,000 வளிமண்டல அளவில் பனிக்கட்டி 80 பாகை வெப்பத்திலும் உருகாமல் நிற்கும். கையைச் சுடும் பனிக்கட்டி என்பது கற்பனையன்று.

அமுக்கத்தைவிட எளிதாக உருகுநிலையை மாற்றவல்லது கலப்பு. அதனை உப்பிட்ட பனிக்கட்டி காட்டும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் ஓயாத போக்குவரவு நிகழ்ந்துகொண்டிருக்கிறது. சில மூலக்கூறுகள் கட்டிலிருந்து விடுபட்டு நீரிற் சேர்கின்றன. சில நீரிலிருந்து வந்து கட்டில் ஒட்டிக்கொள்கின்றன. பூச்சியம் பாகையில் இவ்விரண்டும் சமம். நீரில் உப்புக் கரைந்தால், ஒட்டிக்கொள்ள வரும் நீர் மூலக்கூறுகளின் தொகை குறைகிறது, விடுபடுவனவோ குறையவில்லை. எனவே பனிக்கட்டி உருகத் தொடங்குகிறது. சமநிலை மீள வேண்டுமாயின் வெப்பநிலை தாழவேண்டும்.

உப்பு பனிக்கட்டியைச் சூடாக்கி உருக்குகிறது என்று எண்ணுவோர் உண்டு. உண்மை நேர்மாறானது. உருகுவதற்கு வேண்டிய மறைவெப்பத்தை வெளியிலிருந்து பெறமுடியாதபோது கலவை தன்னிடமிருந்தே அதனை எடுத்துக்கொண்டு மேலும் குளிர்கிறது. நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கும் உப்பு ஒரு பங்கும் சேர்ந்தால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 21 பாகைவரை இறங்கக்கூடும். மரப் பீப்பாவில் கைப்பிடியைச் சுழற்றி ஐஸ்கிறீம் செய்தோர் பயன்படுத்தியது இதனையே. குளிர்நாடுகளில் தெருக்களில் உப்பைத் தூவுவதும் இதனாலேயே. ஆனால் குளிர் 21 பாகைக்கும் கீழே சென்றுவிட்டால் சாதாரண உப்பினால் அங்கு பயன் இல்லை. கடல்நீரும் இவ்விதிக்கு உட்பட்டதே. கிலோகிராமுக்கு 35 கிராம் உப்புடைய கடல்நீர் பூச்சியத்துக்குக் கீழே 1.9 பாகையிலேயே உறையத் தொடங்கும்.

1880களில் பிரான்சு நாட்டுக் கிரனோபிள் நகரில் ராவூல் என்னும் பேராசிரியர் இத்தாழ்வுகளை முறையாக அளந்து, ஒரு வியத்தகு உண்மையைக் கண்டார். உறைநிலை எவ்வளவு தாழும் என்பது கரைந்த பொருளின் இனத்தைப் பொறுத்ததன்று. கரைந்த துகள்களின் தொகையைப் பொறுத்ததே. ஒரு கிலோகிராம் நீரில் 342 கிராம் சீனியைக் கரைத்தால் உறைநிலை ஏறக்குறைய 1.86 பாகை தாழ்கிறது. அதே எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்ட உப்பு 58.5 கிராம், அதனைக் கரைத்தாலோ தாழ்வு ஏறத்தாழ இருமடங்காகிறது. ஏன் இவ்வேறுபாடு? உப்பு நீரிற் கரையும்போது மின்னேற்றம் கொண்ட இரு கூறுகளாகப் பிரிகிறது என்று விடை கூறியவர், செல்சியஸ் கற்பித்த அதே உப்சாலாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சுவாந்தே அரேனியஸ். 1884ஆம் ஆண்டில் அவர் அளித்த ஆய்வுரைக்கு அங்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கவில்லை. ஆயினும் அதிலிருந்து வளர்ந்த கொள்கைக்கே 1903ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. உறைநிலையின் சிறு தாழ்வு, கண்ணுக்குத் தெரியாத துகள்களை எண்ணும் கணக்குப் பலகையாயிற்று.

அக்கணக்குப் பலகை இன்றும் மக்களுக்குத் தொண்டு செய்கிறது. பசுப்பால் பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய அரைப் பாகையில் உறைகிறது. பாலிற் கரைந்துள்ள சீனியும் உப்புக்களும் பசுவின் குருதியோடு ஒத்து நிற்பதால் இவ்வுறைநிலை அதிகம் மாறுவதில்லை. பாலில் நீர் கலந்தால் கரைபொருளின் செறிவு குறைந்து, உறைநிலை பூச்சியத்தை நோக்கி ஏறும். பத்திலொரு பங்கு நீர் கலந்தால் மாற்றம் ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்களவே. எனினும் நுண்ணிய கருவி அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆடையை நீக்கிவிட்டு நீரைச் சேர்த்து, அடர்த்தியை மட்டும் அளக்கும் பால்மானியை ஏமாற்றலாம். உறைநிலையை அவ்வாறு ஏமாற்ற இயலாது. ஏனெனில் கொழுப்பு நீரிற் கரைவதன்று. குழந்தைக்கு வாங்கும் பாலில் நீர் சேர்ந்துள்ளதா என்பதை, செல்சியஸ் மாறாதது என்று கருதிய அப்புள்ளியின் நுண்ணிய மாற்றமே அறிவிக்கிறது.

நீர் என்னும் சொல்லிலேயே ஒரு நிபந்தனை மறைந்து கிடக்கிறது. சாதாரண ஐதரசனுக்குப் பதிலாக அதன் பாரமான வகையைக் கொண்ட பாரநீர், 3.8 பாகையிலேயே பனிக்கட்டியாகிவிடும். காற்றுக் கரைந்த நீரும் காற்றற்ற நீரும்கூட உருகுநிலையில் ஒரு பாகையின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு வேறுபடுகின்றன. ஆகவே மிக நுண்ணிய அளவீட்டை நாடியோர் உருகும் பனிக்கட்டியை விட்டு, காற்றற்ற கண்ணாடிக் கலத்தில் பனிக்கட்டி, நீர், நீராவி ஆகிய மூன்றும் ஒருங்கே சமநிலையில் நிற்கும் மும்மைப் புள்ளியை மேற்கொண்டனர். அங்கு அமுக்கத்தை வெளியிலிருந்து ஒருவர் அமைக்க வேண்டியதில்லை; நீரே அதனை அமைத்துக்கொள்கிறது. அதன் வெப்பநிலை 0.01 பாகை. அந்த நூறில் ஒரு பங்கில் முக்காற் பங்கு வளிமண்டல அமுக்கம் நீங்கியதாலும், எஞ்சிய காற்பங்கு கரைந்த காற்று நீங்கியதாலும் விளைந்தவை. 1954ஆம் ஆண்டில் கூடிய அனைத்துலக அளவை மாநாடு வெப்பநிலை அலகை இப்புள்ளியின்மேல் நிறுவியது. 2019ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் அப்பொறுப்பும் நீரிடமிருந்து நீங்கி, போல்ற்ஸ்மன் மாறிலி என்னும் எண்ணுக்குச் சென்றது.

அதனால் உருகும் பனிக்கட்டி பயனற்றுப் போய்விடவில்லை. தடுப்பு மருந்துகள் இரண்டு முதல் எட்டுப் பாகைக்குள் காக்கப்படவேண்டியவை. அவற்றுட் சில உறைந்துவிட்டால் ஆற்றல் இழந்துவிடும். அக்குளிர்ப்பெட்டியில் உள்ள வெப்பமானி மூன்று பாகை பிழையாகக் காட்டினால், அதனை நம்பிய தாயும் பிள்ளையும் ஏமாற்றப்படுவர். வெப்பமானியைச் சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தூய நீரில் செய்த பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி, சுத்தமான பாத்திரத்திலிட்டு, இடைவெளி நிரம்புமளவுக்குக் குளிர்ந்த தூய நீரை ஊற்றிக் கலக்கி, பூச்சியத்தைக் காட்டவல்ல வெப்பமானியை அதனுட் சில நிமிடம் நிறுத்தினால் போதும். அது பூச்சியத்தில் நின்றால் அக்கோட்டில் நம்பலாம். நில்லாவிடின் பிழையின் அளவு அப்பொழுதே தெரிந்துவிடும்.

ஆனால் அதற்கு மீன் பெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டி உதவாது. அதில் உப்புப் பட்டிருக்கும். அது பூச்சியத்துக்குக் கீழே உருகும். நல்ல வெப்பமானியையும் பிழையானதாகக் காட்டிவிடும். பனிக்கட்டி பூச்சியம் பாகையில் உருகும் என்று மாணவன் கூறிய விடை, இந்த ஓர் எச்சரிக்கையோடு சேரும்போதே முழுமை பெறுகிறது.